நாலாவது ஆளாகப் போன கல்

சுபாஜினி எண்ணினால் கணக்குப் பிழைக்காது. ஹோர்சன்ஸுக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருக்கிற எங்கள் களஞ்சியத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விடயம். கதவுப் பிணைச்சல்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி அனுப்புகிற இடம் அது. வருடக் கணக்கெடுப்பு வந்தால் கையில் கருவியோடு மூன்று டேனிஷ்காரர் எண்ணி மூன்று விடை சொல்வார்கள். சுபாஜினி அடுக்கை ஒருமுறை கண்ணால் தடவிவிட்டு, "நானூற்றிப் பன்னிரண்டு" என்பாள். மேற்பார்வையாளர் அதையே எழுதிக்கொண்டு போய்விடுவார்.

இருபத்திரண்டு வருடமாக அவளோடு ஒரே மேசையில் வேலை செய்கிறேன். அவளுடைய கணவர் தவராஜா பஸ் ஓட்டுகிறவர், வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். மகள் நிரோஜினி பொறியியலாளர், இருபத்தேழு வயது. "எத்தனை பிள்ளைகள்?" என்று யார் கேட்டாலும், கேள்வி முடியமுன்னரே சுபாஜினியிடமிருந்து "ஒண்டுதான்" என்று பதில் வந்துவிடும். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவள் நான். மீன்பிடி ஊரான குருநகரில் பிறந்த மேரிசெலினுக்கு வாய் நீளம், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அதைவிட நீளம்.

நிரோஜினிக்குத் தண்ணீர்ப் பைத்தியம். ஹோர்சன்ஸ் குடாவில் குளிர்காலத்திலும் கயாக் என்கிற ஒடுங்கிய படகில் துடுப்புப் போடுவாள். அவள்தான் ஒக்டோபர் விடுமுறையில் மலாவி ஏரிக்குப் போகப் போவதாக அறிவித்தாள். கடல் மாதிரி ஏரி, தீவுகள், வேறெங்கும் இல்லாத மீன்கள் என்று தொலைபேசியில் படம் படமாகக் காட்டினாள். சுபாஜினி படங்களைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்து, "தனியவோ? நானும் வாறன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. குளியலறைத் தொட்டியில் தண்ணீர் நிரம்பினாலே விலகி நிற்கிறவள் ஆபிரிக்க ஏரிக்குப் போகிறாளாம்! தவராஜா முழங்கால் வலியைக் காட்டிக் கழன்றுகொண்டார். "நீரும் வாருமன், செலின். தாயும் மகளும் தனியப் போனால் சண்டைதான் பிடிப்பம்" என்று சுபாஜினி கெஞ்சினாள். எனக்கும் வெயில் கண்டு நாளாகியிருந்தது. சரி என்றேன்.

அப்படித்தான் மூன்று பேரானோம். வில்லங்கமும் அங்கேதான் தொடங்கியது.

ஹோர்சன்ஸ் புகையிரத மேடையில் கொப்பன்ஹேகன் வண்டிக்காக நின்றபோது சுபாஜினி கைப்பையைத் திறந்து முடிச்சிட்ட ஒரு கைலேஞ்சித் துணியை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே புறா முட்டை அளவில் வழுவழுப்பான வெள்ளைக் கல் ஒன்று இருந்தது.

"மூண்டு பேராப் பயணம் போகக்கூடாது" என்றாள். "இவரோடை சேர்த்து நாங்கள் நாலு பேர்."

பெண் பார்க்க மூன்று பேராகப் போக நேர்ந்தால் ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதை நாலாவது ஆளாக எண்ணிக்கொண்டு போகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. காரியம் முடிந்ததும் கல்லை எறிந்துவிடுவார்கள். நான் கத்தோலிக்க வேதக்காரி, இதையெல்லாம் கண்டால் என் வாய் சும்மா இருக்காது.

"கல்லுக்கும் ரிக்கெற் எடுத்தனீரோ? சன்னல் பக்கத்துச் சீற்றோ?"

நிரோஜினி கண்ணை உருட்டி, "அம்மா, நாங்கள் எந்த வருடத்தில் இருக்கிறோம்?" என்று டேனிஷில் கேட்டாள். தாய் எத்தனை வார்த்தை தமிழில் சொன்னாலும் மகளிடமிருந்து டேனிஷில்தான் பதில் வரும்.

"எங்கை பொறுக்கினீர்?" என்று கேட்டேன்.

"வழியிலை" என்றாள் சுபாஜினி. என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லைத் திரும்பச் சுற்றுகையில், குழந்தைக்குத் துணி சுற்றுவது போல ஓரங்களை உள்ளே மடித்தாள். நான் அதைக் கண்டேன், ஆனால் யோசிக்கவில்லை.

விமானத்தில் நடு வரிசையில் நான்கு இருக்கைகள். மூன்றில் நாங்கள், நாலாவதில் ஆளில்லை, சுபாஜினியின் கைப்பை மட்டும் இருந்தது. பணிப்பெண் வந்து நான்கு கோப்பை தேநீர் வைத்துவிட்டுப் போனாள். சும்மா வந்த தேநீரை விடுவேனா? நாலாவதையும் நானே குடித்தேன். சுபாஜினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிள்ளையின் பாலைப் பிடுங்கிக் குடித்தவளைப் பார்க்கிற பார்வை அது.

ஏரி அழகுதான், பொய் சொல்லமாட்டேன். மறுகரையே தெரியாது. மணலில் வலை காய்ந்துகொண்டிருந்தது, தட்டிகளில் நெத்தலி மாதிரிச் சின்ன மீன் வெள்ளி வெள்ளியாகப் பரப்பியிருந்தார்கள். மூக்கில் மணம் ஏறியதும் நான் குருநகரில் இறங்கிவிட்டேனோ என்று நினைத்தேன். படகுகள் புறப்படும் இடத்தில் ஒரு சிறு குடில், அதில் பூங்காக் காவலர் ஒருவர், அவருக்கு முன்னால் தடித்த பதிவேடு. ஏரிக்குள் போகிறவர்களின் பெயர், எண்ணிக்கை, உள்ளே போன நேரம், வெளியேறிய நேரம் எல்லாம் அதில் எழுத வேண்டும். மாலையில் ஒரு ஆள் குறைந்தாலும் தேடப் படகு அனுப்புவார்களாம்.

நிரோஜினி எங்கள் மூன்று பேரின் பெயரையும் எழுதினாள். காவலர் நிமிர்ந்து எங்களைப் பார்த்து விரலால் எண்ணிவிட்டு, எண்ணிக்கைக் கட்டத்தில் 4 என்று போட்டார்.

"மூன்று" என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பினேன். வெறும் மணலும் ஒரு பெருமரமும்தான். அவர் பதிவேட்டை மூடினார்.

"வழிகாட்டியையும் சேர்த்திருப்பார்" என்று நிரோஜினி நடந்துவிட்டாள். சுபாஜினி மட்டும் அந்த மரத்தடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயந்ததாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. எனக்கு முதலில் பயம் பிடித்தது அதைக் கண்டுதான்.

வழிகாட்டியின் பெயர் கொண்ட்வானி. அமைதியான மனிதர், நாற்பது வயதிருக்கும். இரட்டைக் கயாக்குகள் இரண்டை மணலில் இழுத்து வைத்து, தன்னுடைய மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்களுக்கும் ஒவ்வொன்றாக நீட்டினார். எனக்கு ஒன்று, சுபாஜினிக்கு ஒன்று, நிரோஜினிக்கு ஒன்று. பிறகு இன்னொன்றை எடுத்து, நிரோஜினிக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில் நீட்டினார். வாங்க ஆளில்லாமல் சட்டை மணலில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார், எங்களைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுத்து வைத்தார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அங்கே இருட்டே இல்லை. காலை ஒன்பது மணி, கண் கூசும் வெயில்.

தாயும் மகளும் ஒரு படகில், நீந்தத் தெரியாத நானும் கொண்ட்வானியும் மற்றதில். ஒரு மணி நேரத்தில் தீவை அடைந்தோம். அடுக்கி வைத்த யானைகள் மாதிரிக் கரும்பாறைகள், அடியில் கண்ணாடித் தண்ணீர். நிரோஜினி எல்லோரும் சேர்ந்து படம் எடுக்க வேண்டும் என்றாள். மூன்று பேர் நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது என்று சுபாஜினி கைப்பையிலிருந்து கல்லை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்ட பின்னர்தான் நின்றாள். நடுவில் நின்றது நிரோஜினி.

கொண்ட்வானி தொலைபேசியை உயர்த்தினார். பிறகு, ஓரத்தில் நிற்கிற ஆளை உள்ளே வரச் சொல்கிறவர் போல, இடது கையை அசைத்தார். இடது பக்க ஓரத்தில் நின்றது நான். நான் நகர்ந்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"நீங்கள் இல்லை. மற்றவர்" என்றார்.

நிரோஜினி பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். படம் எடுத்து முடிந்ததும் கொண்ட்வானி தொலைபேசியைப் பாறையில் வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார். பகிடி விடுகிற மனிதரின் முகமா அது?

உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிரோஜினி கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பாறையைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாக மீன்கள். கொண்ட்வானி ஒரு மீனைச் சுட்டிக்காட்டி, அதன் தாடை உப்பியிருப்பதைப் பார்க்கச் சொன்னார். தாய் மீனாம். குஞ்சுகளை வாய்க்குள்ளேயே வைத்து வளர்க்குமாம். வாரக்கணக்காக வாயைத் திறக்காதாம், இரை தின்னாதாம். சொல்லிவிட்டு அவர் சமையலுக்கு நெருப்பு மூட்டப் பாறைக்கு அப்பால் போனார்.

சுபாஜினி நான் நீட்டிய பிஸ்கற்றை வாங்கவில்லை. மடியில் கல்லை வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி இருந்தாள்.

"என்ன, உமக்கும் வாயிலை கொழுக்கட்டையோ?" என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அழுது நான் கண்டதில்லை.

"இது வழியிலை பொறுக்கின கல்லில்லை, செலின். என்ரை பிள்ளையின்ரை குழியிலை கிடந்தது."

எனக்கு விளங்கவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. நிரோஜினிக்கு மூன்று வருடம் முன்னால் ஒரு பெண் பிள்ளை பிறந்தாள். பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள், பன்னிரண்டாம் நாள் இல்லை. பச்சைப் பிள்ளையை எரிக்கக்கூடாது என்று ஹோர்சன்ஸ் சவக்காலையில் சிறுவர் பகுதியில் புதைத்தார்கள். மேலே வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பினார்கள். நிரோஜினி வயிற்றில் வந்தபோது, இனி அந்தக் கதை இந்த வீட்டில் வரக்கூடாது என்று தவராஜா சொல்லிவிட்டார். பிறகு வரவேயில்லை. சுபாஜினி மட்டும் வேலை முடிந்து ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ் வரமுன்னர் அங்கே போய் நின்றுவிட்டு வருவாளாம். நான் அவளைப் பஸ்ஸைப் பிடிக்கத் தெரியாதவள் என்று எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன்!

"இப்ப கடிதம் வந்திருக்கு. வருசம் முடியமுன்னம் குழியின்ரை குத்தகையைப் புதுப்பிக்காட்டி மட்டமாக்கிப் போடுவினமாம். இவர் விடச் சொல்லுறார். அவள் அந்தப் பெட்டியையும் அந்தக் குழியையும் தவிர ஒண்டும் காணேல்லை, செலின். ஒருக்கா எங்களோடை வெளியிலை வரட்டும் எண்டுதான்..."

எனக்குக் கோபம் வந்தது. இரக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது, மறைக்கமாட்டேன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைச்ச மாதிரி முப்பது வருசம் ஒரு பிள்ளையை மறைச்சிருக்கிறீர். நிரோவுக்குச் சொல்லும். இண்டைக்கே சொல்லும்."

"சொன்னால் என்னை வெறுத்துப் போடுவாள். இருக்கிறது ஒண்டு. அதையும் இழக்கேலாது." எழுந்தாள். "இந்தத் தண்ணி வடிவா இருக்கு. இவள் இங்கை இருக்கட்டும்."

நான் தடுக்கமுன்னரே கல் கையை விட்டது. நாலாவது ஆளாக எண்ணிக் கூட்டி வந்த கல்லைப் பாதி வழியில் விட்டுவிட்டாள். வெள்ளையாக ஆழத்துக்குப் போனது, பிறகு தெரியவில்லை.

அப்போதுதான் ஏரியின் மேலே புகை எழுந்திருப்பதைக் கண்டேன். வானத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் பெரிய தூண் மாதிரி, சுழன்று சுழன்று எங்களை நோக்கி வந்தது. கிட்ட வந்ததும் புகையில்லை, பூச்சி என்று தெரிந்தது. கோடிக்கணக்கான சின்னஞ்சிறு ஏரிப் பூச்சிகள். ஒரு சத்தமும் இல்லை. நொடியில் வெயில் மங்கியது. மூக்கிலும் வாயிலும் பூச்சி. பாறையின் விளிம்பு தெரியவில்லை, தண்ணீர் தெரியவில்லை.

"நிரோ!" என்று கத்தினேன். பதில் இல்லை.

உச்சிப்பொழுதில் நீர்க்கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று குருநகரில் பெண்கள் சொல்வார்கள். அது நினைவுக்கு வந்தும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். செபமாலையை வீட்டில் விட்டு வந்த என்னை நானே திட்டினேன். கொண்ட்வானி அப்பால் இருந்து ஓடி வருகிற சத்தம் கேட்டது. நீரில் கைகால் அடிக்கிற சத்தம் மட்டும் எங்கேயும் இல்லை.

சுபாஜினி என் கையை உதறிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். அவள் நிரோஜினியைக் கூப்பிடவில்லை.

"சுஜீதா! அம்மா உன்னை விட்டிட்டுப் போகேல்லை. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வா. கேக்குதோ, சுஜீதா, தங்கச்சியைக் கொண்டு வா!"

நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. பூச்சிகள் மெலிந்தன. எங்களுக்குப் பின்னால், பாறைகளின் மறுபக்கத்திலிருந்து நிரோஜினி நடந்து வந்தாள். தலைமுடி முழுக்கப் பூச்சி, முழங்காலில் இரத்தம், கையில் அந்த வெள்ளைக் கல். சுபாஜினி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

நிரோஜினி மூச்சு வாங்கியபடி டேனிஷில் சொன்னாள். பூச்சி கவிந்ததும் திசை தெரியாமல் வெளிப்புறமாக நீந்திவிட்டாளாம். நீரோட்டம் இழுத்ததாம். அப்போது தனக்கு முன்னால் தண்ணீருக்குள் ஒரு பெண்ணின் கால்களைக் கண்டு பின்னால் போனாளாம். தரை தட்டிய இடத்தில் அந்தப் பெண் நின்று கீழே காட்டினாளாம். அங்கே இந்தக் கல் கிடந்ததாம்.

"நீந்தத் தெரியாது என்று ஏன் பொய் சொன்னீர்கள், செலின் அன்ரி?" என்று கேட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

என் உடுப்பில் ஒரு துளி ஈரம் இல்லை. தாய் இடுப்புக்குக் கீழே மட்டும் நனைந்திருந்தாள். நிரோஜினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது கொண்ட்வானி ஒருமுறையும் மற்றப் படகின் பக்கம் பார்க்கவில்லை. கரையில் இறங்கி, குடிலுக்கு நடக்கையில் நான் சுபாஜினியின் காதில், "சொல்லும்" என்றேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

காவலர் பதிவேட்டைத் திறந்தார். எங்களை விரலால் எண்ணினார். மீண்டும் எண்ணினார். கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நான்கு பேர் போனீர்கள். மூன்று பேர் நிற்கிறீர்கள். மற்றப் பெண் எங்கே?"

"மூன்று பேர்தான் போனோம். நீங்கள் வழிகாட்டியைச் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள்" என்றாள் நிரோஜினி ஆங்கிலத்தில்.

"வழிகாட்டிகளை நாங்கள் எண்ணுவதில்லை. நான் என் கண்ணால் கண்டேன். உங்களை விடக் கொஞ்சம் உயரம். உங்கள் முகம்தான்." அவர் தேடுதல் படகுக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார். கொண்ட்வானி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவருக்குப் பிழைச்சுப் போச்சு. மூண்டு பேர்தான் எண்டு சொல்லும், சுபா" என்று நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேனோ தெரியாது. பயம்.

சுபாஜினி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவருக்குப் பிழைக்கேல்லை" என்றாள், தமிழில், அந்தக் காவலரைப் பார்த்து. "நாலு பேர்தான். எனக்கு ரெண்டு பிள்ளையள். மற்றது என்ரை மூத்த மகள்."

காவலருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டார். நிரோஜினி கையிலிருந்த கல்லைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். அவள் கத்தப் போகிறாள், இல்லை விட்டுவிட்டு நடக்கப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

நிரோஜினி மேசையிலிருந்த பேனையை எடுத்தாள்.

"அக்காவின்ரை பேர் என்னம்மா?" என்று தமிழில் கேட்டாள்.

சுபாஜினி சொன்னாள். எங்கள் மூன்று பெயருக்கும் கீழே வெறுமையாகக் கிடந்த நாலாவது வரியில் நிரோஜினி எழுத்து எழுத்தாக எழுதினாள்: சுஜீதா தவராஜா. உள்ளே போன நேரம், மற்றவர்களுக்கு உள்ளதே. வெளியேறிய நேரத்துக்கு வந்ததும் பேனை நின்றது. காவலர் அந்தக் கட்டத்தை விரலால் தட்டிக் காட்டினார். நிரோஜினி தாயைப் பார்த்தாள்.

சுபாஜினி ஏரிப் பக்கம் திரும்பி நின்றாள். தண்ணீரில் இன்னும் வெயில் இருந்தது.

"அதை விடு, பிள்ளை" என்றாள். "அவசரமில்லை, அவள் ஆறுதலா வரட்டும்."